படம் இல்லாத பத்து நிமிடங்கள்: ஜாலியன்வாலா பாக்கும் அருங்காட்சியகத் தொடுதிரையும்

கட்டிவைத்துக் கசையடி கொடுக்கப்படும் ஒரு மனிதரின் கறுப்பு வெள்ளை நிழற்படம் பல ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் சுற்றிவருகிறது. பகத் சிங்குக்கு ஆங்கிலேயர் கசையடி கொடுத்த காட்சி என்று கீழே எழுதப்பட்டிருக்கும். பகிர்பவர்களின் உணர்ச்சி உண்மையானது, படமும் உண்மையானது. ஆனால் அந்த மனிதர் பகத் சிங் அல்லர். 1919இல் பஞ்சாபில் ராணுவச் சட்டம் நடப்பில் இருந்தபோது, கசூர் நகரில் பொதுமக்கள் முன்னிலையில் நிறைவேற்றப்பட்ட தண்டனையின் படம் அது. இந்தியாவிலிருந்து மறைவாக வெளியே கொண்டுசெல்லப்பட்ட அப்படத்தை, 'பாம்பே கிரானிக்கிள்' இதழின் ஆசிரியராக இருந்து நாடுகடத்தப்பட்ட பெஞ்சமின் ஹார்னிமன் 1920இல் வெளியிட்டார். அமிர்தசரஸ் படுகொலையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கிம் வாக்னர் இதைச் சுட்டிக்காட்டிய பின்னரும் படம் சுற்றுவது நிற்கவில்லை. 1907இல் பிறந்த பகத் சிங்குக்கு அப்போது வயது பதினொன்று.

இதில் இழப்பு யாருக்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பகத் சிங்கின் புகழுக்கு இதனால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இழந்தவர் அந்தப் பெயர் தெரியாத கசூர்க்காரர். அவர் பட்ட அடிக்கு இருந்த ஒரே சாட்சியம் இன்னொருவர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. ஒரு படம் தன் விளக்கக் குறிப்பிலிருந்து பிரிந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கைப்பேசியில் நிகழும் இந்தப் பிரிவு, அருங்காட்சியகத்தில் நிகழாது என்று நம்புவதற்கு முன்பெல்லாம் காரணம் இருந்தது. கண்ணாடிப் பேழைக்குள் படம். அதன் கீழே அட்டையில் நான்கு வரிகள். இரண்டும் ஒரே ஆணியில் தொங்கின என்றே சொல்லலாம். கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய அருங்காட்சியகங்கள் தொடுதிரைக்கும் புரொஜெக்டருக்கும் வேகமாக மாறிவிட்டன. படம் இப்போது சுவரில் மாட்டப்படுவதில்லை. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், ஃபிக்மா போன்ற வடிவமைப்பு மென்பொருளில் ஓர் அடுக்காக நுழைகிறது. அதன் விளக்கக் குறிப்பு வேறோர் அடுக்கில் இருக்கிறது. பார்வையாளர் ஒரு சிறு வட்டத்தைத் தொட்டால்தான் தோன்றுகிறது. தொடாமல் போகிறவருக்குப் படம் மட்டுமே மிஞ்சும்.

ஜாலியன்வாலா பாக்கைப் போல இந்த மாற்றம் கடுமையாக உரசிப் பார்க்கப்படும் இடம் இந்தியாவில் அரிது. ஏனெனில் அங்கே காட்ட வேண்டிய மையமான நிகழ்வுக்குப் படமே கிடையாது.

1919 ஏப்ரல் 13, வைசாகி நாள். மாலை ஐந்து மணி கடந்த சிறிது நேரத்தில் பிரிகேடியர் ஜெனரல் ரெஜினால்ட் டயர் ஐம்பது துப்பாக்கி வீரர்களோடு குறுகிய சந்து வழியே மைதானத்துக்குள் நுழைந்தார். குக்ரி கத்தி ஏந்திய நாற்பது பேர் உடன்வந்தனர். இரண்டு கவச வண்டிகள் சந்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றன. கலைந்து செல்லுமாறு எச்சரிக்கை இல்லை. ஏறத்தாழ பத்து நிமிடங்களில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. அரசு ஒப்புக்கொண்ட இறப்பு 379. காங்கிரஸ் விசாரணைக் குழுவின் மதிப்பீடு ஆயிரத்தை ஒட்டியது. இவையெல்லாம் பாடநூலில் படித்தவை. பாடநூல் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி, அந்தப் பத்து நிமிடங்களில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றுகூட இதுவரை அறியப்படவில்லை என்பது.

இந்த வெறுமை எப்படி உண்டானது என்பதும் வரலாறுதான். சுட வந்தவர்கள் சுட்டுவிட்டுத் திரும்பினர். காயமடைந்தவர்களைப் பார்க்கவும் நிற்கவில்லை. இரவு எட்டு மணிக்குமேல் வெளியே வருபவர் சுடப்படுவர் என்ற ஊரடங்கு ஆணை இருந்ததால், உறவினர்கள் உடல்களைத் தேடி வரவே அஞ்சினர். ஓரிரு நாளில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. இதழ்கள் தணிக்கைக்கு உள்ளாயின. லாகூரின் 'டிரிப்யூன்' ஆசிரியர் காளிநாத் ராய் சிறை சென்றார். ஹார்னிமன் அந்த ஏப்ரல் மாதமே கப்பலேற்றப்பட்டார். ரவீந்திரநாத் தாகூர் தமது 'சர்' பட்டத்தைத் துறந்து கடிதம் எழுதியது மே மாத இறுதியில். பஞ்சாபிலிருந்து உறுதியான செய்தி கசிந்துவரவே அத்தனை நாள் ஆயிற்று. பார்க்கக் கூடாது, பார்த்ததைச் சொல்லக் கூடாது என்று ஆட்சி எடுத்த முடிவின் தடயமே அந்தப் படமில்லாமை. படமில்லாமையும் ஓர் ஆவணம்.

பின்னர் எடுக்கப்பட்ட படங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானவை பம்பாய் நிழற்படக் கலைஞர் நாராயண் விநாயக் வீர்க்கர் 1919இலேயே எடுத்தவை. குண்டு துளைத்த சுவர்கள். துளைகளைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் போடப்பட்ட குறிகள். அவற்றின் அருகே நின்று சுட்டிக்காட்டும் மனிதர்கள். இந்தப் படங்களில் பிணமில்லை, குருதியில்லை. வழக்கு மன்றத்துக்குச் சான்று தயாரிக்கிறவரின் நிதானம் அவற்றில் இருக்கிறது. துளை எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை நெருக்கமாக என்பதை மனித உடலை அளவுகோலாக வைத்து அவர் பதிவு செய்தார்.

இன்னொரு வகைப் படங்கள் சுட்டவர்கள் பக்கத்திலிருந்து வந்தவை. மார்செல்லா ஷெர்வுட் என்ற ஆங்கிலப் பெண்மணி தாக்கப்பட்ட கூச்சா குரிச்சான் தெருவில், இந்தியர் எவரும் வயிற்றால் ஊர்ந்தே செல்ல வேண்டும் என்று டயர் ஆணையிட்டிருந்தார். அப்படி ஊரும் மனிதரையும் சுற்றி நிற்கும் சிப்பாய்களையும் காட்டும் படம் ஒன்று, அங்கே பணியிலிருந்த லண்டன் சைக்கிள் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரின் ஆல்பத்தில் இருந்தது. இன்று லண்டனிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுத்தவருக்கு அது வேலைக்காலத்து நினைவுப் பொருள். நமக்கு அது குற்றச்சாட்டு. ஒரே படம் யார் கையில், எந்தக் குறிப்போடு இருக்கிறது என்பதைப் பொறுத்து எதிரெதிர் வேலைகளைச் செய்யும். 'யார் எடுத்தது' என்ற ஒரு வரியை நீக்கிவிட்டால் இந்தப் படத்தின் பாதிப் பொருள் போய்விடும்.

வடிவமைப்பாளரின் மேசைக்கு வரும் மூலப்பொருள் இவ்வளவுதான். சில சுவர்ப் படங்கள், சில அவமானத்தின் படங்கள், டயரின் உருவப்படம், இதழ்ப் பக்கங்கள். அவருக்குத் தரப்படும் இடமோ முழுச் சுவர் அளவிலான திரை. நேரம் நான்கு நிமிடக் காட்சி. காலி இடத்தைக் கண்டு வடிவமைப்பாளர் அஞ்சுவது தொழிலின் இயல்பு. ஆகவே மூன்று பழக்கங்கள் நுழைகின்றன: வெட்டுவது, பெருக்குவது, இட்டு நிரப்புவது. தீய எண்ணம் எதற்கும் தேவையில்லை. மென்பொருளின் இயல்பான அமைப்புகளே போதும்.

வெட்டுவதை முதலில் பார்க்கலாம். அக்காலக் கண்ணாடித் தகட்டு நிழற்படங்கள் பலவும் 4:3 விகிதத்துக்கு நெருக்கமானவை. இன்றைய திரையின் விகிதம் 16:9. கறுப்பு ஓரம் விடாமல் திரையை நிரப்பினால் படத்தின் உயரத்தில் கால் பங்கு மறையும். வீர்க்கரின் சுவர்ப் படத்தில் மறையப்போகும் கால் பங்கு எது? மேலே வெட்டினால் உயரத்தில் பாய்ந்த குண்டின் தடம் போகும். கீழே வெட்டினால் மனிதர் நிற்கும் தரை போகும், தரையோடு அளவுகோலும் போகும். மென்பொருள் இயல்பாக நடுவை வைத்துக்கொண்டு இரு பக்கமும் சீவிவிடும். அந்த நடுவில் சான்று இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

பெருக்குவது இதனினும் நுட்பமான சிக்கல். பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அளவுள்ள ஓர் அச்சுப்படியை 300 டிபிஐயில் வருடினால் நீளவாக்கில் ஏறத்தாழ 1,770 பிக்சல்கள் கிடைக்கும். 4கே திரையின் அகலம் 3,840 பிக்சல். திரையை நிரப்பும் அளவுக்கு விரித்தால், கண்ணில் படும் ஐந்து பிக்சல்களில் ஏறத்தாழ நான்கு மென்பொருள் தானே கணக்கிட்டு இட்டவை. மூலமே 1920இல் அச்சான புத்தகப் பக்கம் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது நிழற்படம்கூட அல்ல. மைப்புள்ளிகளால் ஆன அச்சுப் பிரதி. புள்ளிகளைக் கரைத்து மென்மையாக்க ஒரு கருவி, தெளிவாக்க இன்னொரு கருவி, இப்போது செயற்கை நுண்ணறிவால் முகங்களைத் 'திருத்தும்' கருவியும் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு புள்ளிகளாக இருந்த ஒரு முகத்துக்கு அது கண்ணும் இமையும் உதடும் வரைந்து தரும். 1919இல் கூட்டத்தில் நின்ற ஒருவருக்கு, ஒருபோதும் இல்லாத ஒருவரின் முகம் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகள் இன்னும் அமிர்தசரஸில் வாழக்கூடிய ஒரு மனிதருக்கு இதைச் செய்வது சிறிய காரியமா?

வண்ணம் ஏற்றுவதும் அப்படியே. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட தகடுகள் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்புத் தலைப்பாகையும் கறுப்புத் தலைப்பாகையும் அவற்றில் ஏறத்தாழ ஒரே கருமையாகவே பதியும். பஞ்சாபில் தலைப்பாகையின் நிறம் பொருளற்ற அலங்காரம் இல்லை என்பது பலருக்கும் தெரியும். மென்பொருள் ஏற்றும் நிறமோ வெறும் ஊகம். ஊகம் என்று திரையில் எழுதிவைத்தால் குற்றமில்லை, எழுதுவோர் அரிது.

மூன்றாவது பழக்கமே மிகப் பெரிய ஆபத்து. பத்து நிமிடங்களுக்குப் படம் இல்லை, திரைப்படத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' (1982) படுகொலையை மிகுந்த வலிமையோடு காட்டியது. அதிலிருந்து எடுத்த சட்டகங்கள் கறுப்பு வெள்ளையாக்கப்பட்டு, 1919இன் அசல் படங்களாக இணையத்தில் உலவுகின்றன. ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க மென்பொருளில் ஒரு சொடுக்கு போதும். அந்த ஒரு சொடுக்கில் நடிகர்கள் தியாகிகளாகிவிடுகின்றனர். காட்சிக்கூடத்துக்குப் படம் தேடும் உதவியாளர் முதலில் போவது தேடுபொறிக்குத்தான். அங்கே மேலே நிற்பது அதிகம் பகிரப்பட்ட படமேயன்றி, மெய்யான படம் அல்ல.

டெல்லியின் பிர்லா மாளிகையில் 1948 ஜனவரி 30 மாலை நடந்ததற்கும் இதே கதிதான். காந்தியைச் சுட்ட அந்த நொடியின் நிழற்படம் கிடையாது. அன்று அவரைச் சந்தித்துத் திரும்பியிருந்த ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் எடுத்தவை, செய்தி கேட்டு மீண்டும் ஓடிவந்த பின்னர் பதிந்த காட்சிகள். ஆனால் 'நைன் ஹவர்ஸ் டு ராமா' (1963) என்ற திரைப்படத்தின் சட்டகம் ஒன்று, கொலைத் தருணத்தின் அசல் படமாக இன்றளவும் பகிரப்படுகிறது. பிர்லா மாளிகை, அதாவது இன்றைய காந்தி ஸ்மிருதி, இந்த வெற்றிடத்தைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. அவர் கடைசியாக நடந்த பாதை நெடுக, தரையில் காலடி வடிவங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவை அவர் விழுந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. நொடியைக் காட்ட முயலவே இல்லை. அதே வளாகத்தில், ரஞ்சித் மக்குனி தலைமையில் உருவாகி 2005இல் திறக்கப்பட்ட 'எடர்னல் காந்தி' பல்லூடகக் காட்சிக்கூடமும் இருக்கிறது. ராட்டை, ரயில் போன்ற தொட்டு இயக்கும் பொருள்கள் வழியாகப் பார்வையாளர் படங்களையும் செய்திகளையும் வரவழைக்கிறார். தொழில்நுட்பம் எந்த இடத்தில் பேசலாம், எந்த இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற பிரிவினை அங்கே கட்டடத்திலேயே இருக்கிறது.

ஜாலியன்வாலா பாக் அத்தகைய பிரிவினையை ஒரு காலத்தில் கொண்டிருந்தது. 1951இல் நினைவிடத்துக்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் போல்க் வடிவமைத்த செந்நிறக் கல் நினைவுச் சின்னத்தை 1961இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். குண்டுத் துளைகள் சட்டமிட்டுக் காட்டப்பட்டன. சந்து வெறும் சந்தாகவே இருந்தது. இருபுறமும் மொட்டைச் செங்கற்சுவர். நடந்து போகிறவர் தோளில் உரசும் நெருக்கம். தப்ப ஏன் முடியவில்லை, கவச வண்டி ஏன் நுழையவில்லை என்பதை அந்த நெருக்கமே சொல்லிவிடும்.

2021 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்ட வளாகம் திறக்கப்பட்டது. பயன்படாமல் கிடந்த கட்டடங்களில் நான்கு காட்சிக்கூடங்கள், சுவரில் படம் வீழ்த்தும் காட்சிகள், முப்பரிமாண உருவாக்கங்கள், ஒலி-ஒளிக் காட்சி ஆகியவை சேர்ந்தன. சந்தின் சுவர்களில் சிரித்தும் நடந்தும் வரும் மக்களின் புடைப்புச் சிற்பங்கள் எழுந்தன. வரலாற்றாசிரியர்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். பழுதுபட்ட கட்டுமானத்தைச் செப்பனிட வேண்டியிருந்தது, இளைய தலைமுறைக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டியிருந்தது என்ற எதிர்வாதமும் முழுக்கப் புறந்தள்ளத்தக்கதன்று. பள்ளிப் பிள்ளைகள் அட்டைக் குறிப்புகளைப் படிப்பதில்லை என்பது எந்தக் காப்பாட்சியரும் அறிந்த உண்மை. குறை திரையில் இல்லை. சான்று, கற்பனை, அலங்காரம் மூன்றும் ஒரே ஒளியில், ஒரே நேர்த்தியில் வரும்போது பார்வையாளரால் பிரித்தறிய முடிவதில்லை, குறை அங்கேதான். பழைய காலத்து எண்ணெய் ஓவியம் தன்னை ஓவியம் என்று அறிவித்துக்கொண்டது. தூரிகைத் தடம் தெரிந்தது. இன்றைய முப்பரிமாண உருவாக்கத்தில் அந்தத் தடம் தெரியாது.

இதற்கு மாற்று வழி தொழில்நுட்பத்திலேயே உண்டு; பெரும் செலவும் இல்லை. நிழற்படக் கோப்புக்குள்ளேயே எடுத்தவர், நாள், இடம், உரிமை, விளக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க ஐபிடிசி என்ற தரப்படுத்தப்பட்ட முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளிலிருந்து திரைக்கு ஏற்றுமதி செய்யும்போது, கோப்பின் எடையைக் குறைப்பதற்காக இந்த விவரங்கள் பெரும்பாலும் உதிர்க்கப்படுகின்றன. ஒரு தெரிவை மாற்றினால் உதிராது. படத்தை முழுமையாக, கறுப்பு ஓரத்தோடு வைத்தால் கால் பங்கு போகாது. எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் தொட்டால் தோன்றும் வட்டத்துக்குள் ஒளிக்காமல் படத்தின் மேலேயே நிலையாக வைக்கலாம். புனைந்து வரைந்த காட்சிக்குக் கோட்டோவிய நடையையே பயன்படுத்தினால், யாரும் அதை நிழற்படம் என்று மயங்கமாட்டார்கள்.

அந்தப் பத்து நிமிடங்களுக்கு? காங்கிரஸ் குழு 1,700க்கும் மேற்பட்டவர்களின் கூற்றுகளைக் கேட்டு, அவற்றில் 650ஐ வெளியிட்டது. அவற்றுள் ரத்தன் தேவியின் வாக்குமூலம் இருக்கிறது. கணவரின் உடலைக் கண்டெடுத்த அவர், ஊரடங்கால் தூக்கிச் செல்ல ஆள் கிடைக்காமல், நாய்களை விரட்ட ஒரு மூங்கில் கழியைக் கையில் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் அங்கேயே அமர்ந்திருந்தார். இதற்குத் துணையாகத் தேடுபொறியில் படம் தேட வேண்டுமா? திரையை இருளாக விட்டு, அந்த வாக்குமூலத்தை பஞ்சாபியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு குரல் வாசித்தால் போதும். படம் ஏன் இல்லை என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். வடிவமைப்பு மென்பொருளில் மிக எளிதாகச் செய்யக்கூடியது வெற்றுக் கருந்திரைதான்; ஒப்புதல் கூட்டத்தில் மிகக் கடினமாக ஏற்கப்படுவதும் அதுவே. இவ்வளவு பணம் கொடுத்தது காலித் திரைக்கா என்ற கேள்வி வரும்.

வீர்க்கரின் படங்களுக்கே இறுதியில் திரும்ப வேண்டியிருக்கிறது. தொடுதிரைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, எவரோ சுண்ணக்கட்டி எடுத்து ஒவ்வொரு துளையையும் குறியிட்டு, பார்ப்பவரின் கண்ணை அங்கே திருப்பியிருக்கிறார். இன்றைய வடிவமைப்பாளர் திரையில் இடும் சிறு வட்டம் செய்வதும் அதையேதான். வேறுபாடு, அந்தச் சுண்ணக்குறி துளையைச் சுற்றி நின்றது, துளையை மூடவில்லை. அந்தப் படத்தின் கீழே 'ஜாலியன்வாலா பாக், 13 ஏப்ரல் 1919' என்று இருந்தால் அது பிழை. 'நா.வி. வீர்க்கர், அமிர்தசரஸ், 1919, படுகொலைக்குப் பின்னர்' என்பது சரி.